சூடு போடாத மாடுகள் ஆடிய திடல்



போர்ட்லண்ட் என்ற பெயரைக் கேட்டதும் உங்களில் பலருக்குச் சிமெண்டு மூட்டைதான் நினைவுக்கு வரும். அந்தச் சிமெண்டுக்குப் பெயர் தந்த இடம் இங்கிலாந்தில் இருக்கிறது. நான் இன்று உங்களை அழைத்துச் செல்வது அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், ஓரிகன் மாநிலத்தில் உள்ள போர்ட்லண்டுக்கு. ரோஜா நகரம் என்று அதற்குச் செல்லப் பெயர். வில்லாமெட் ஆறு ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஓடுகிறது. மேகம் இல்லாத நாளில் கிழக்கே பார்த்தால், பனி மூடிய ஹூட் மலை தொட்டுவிடலாம் போல நிற்கும்.

என் அண்ணன் மகன் அங்கே வேலை பார்க்கிறான். "சித்தப்பா, ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள், ரோஜாத் தோட்டத்தைக் காட்டுகிறேன்" என்று வெகுநாளாக அழைத்துக்கொண்டிருந்தான். போனேன், தோட்டத்தையும் பார்த்தேன். 1917-ஆம் ஆண்டில், முதல் உலகப் போரின் குண்டுகளுக்கு ஐரோப்பிய ரோஜா வகைகள் பலியாகிவிடக் கூடாது என்று குன்றின்மேல் அமைத்த தோட்டம் அது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செடிகள். ஜூன் மாதத்தில் போனால் கண்கொள்ளாக் காட்சி!

ஆனால் ஊர் திரும்பிய பிறகும் என் மனத்தை விட்டு நீங்காமல் இருப்பது அந்த ரோஜாக்கள் அல்ல. குன்றுக்குக் கீழே இருக்கும் ஒரு விளையாட்டுத் திடலும், அதில் ஐந்தே ஆண்டுகள் ஆடிவிட்டு மறைந்துபோன ஒரு குழுவின் கதையுந்தான். அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

பள்ளத்தில் ஓர் அரங்கம்

விமான நிலையத்திலிருந்து சிவப்புத் தடத்து இரயிலில் ஏறி, நகரத்தின் நடுப்பகுதியைத் தாண்டி 'புராவிடன்ஸ் பார்க்' நிலையத்தில் இறங்குங்கள். அரங்கம் கண்ணெதிரே நிற்கும். மற்ற அரங்கங்களைப் போல அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. திடல் தெருவைவிடத் தாழ்ந்த பள்ளத்தில் இருக்கிறது. கம்பி வேலியோரம் நின்று குனிந்து பார்க்க வேண்டும்.

அந்தப் பள்ளத்துக்கும் ஒரு பூர்வ கதை உண்டு. அங்கே ஓர் ஓடை ஓடியது. 1840-களில் அதன் கரையில் தோல் பதனிடும் தொழில் நடந்தது. பிறகு சீனத் தோட்டக்காரர்கள் வந்து கீரையும் காய்கறியும் பயிரிட்டு, ஊருக்குள் கொண்டுபோய் விற்றார்கள். நம் ஊர்ப் பக்கத்துக் காய்கறித் தோட்டங்கள் உங்கள் நினைவுக்கு வருகின்றன அல்லவா? 1893-இல் அந்த இடம் விளையாட்டுத் திடலாயிற்று. 1926-இல் அரங்கம் எழுந்தது. ஓடையைக் குழாய்க்குள் அடைத்துப் பூமிக்கு அடியில் அனுப்பிவிட்டார்கள்.

எல்விஸ் பிரெஸ்லி 1957-இல் இங்கே வந்து பாடினார். காற்பந்துப் பிரியர்களே, இன்னொன்றையும் கேளுங்கள். மன்னர் பெலே தம் வாழ்வில் கடைசியாக ஆடிய போட்டி ஆட்டம் இந்தத் திடலில்தான் நடந்தது. 1977-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள், அவருடைய நியூயார்க் காஸ்மாஸ் குழு சியாட்டல் குழுவை 2-1 என்று வென்று கிண்ணத்தைத் தூக்கியது.

அதே 1977-ஆம் ஆண்டுக் கோடையில், அதே திடலில், பெலேயைப் போல உலகம் அறிந்த பெயர் எதுவும் இல்லாத ஒரு கூட்டம் பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தது. தாடியும் மீசையும் பரட்டைத் தலையுமாக இருந்த அந்தக் குழுவின் பெயர் போர்ட்லண்ட் மேவரிக்ஸ்.

'மேவரிக்' என்றால் என்ன தெரியுமா? அமெரிக்க மாட்டுப் பண்ணைகளில் ஒவ்வொரு மாட்டுக்கும் அதன் சொந்தக்காரர் சூடு போட்டு அடையாளம் வைப்பார். சூடு போடாத மாட்டுக்குப் பெயர்தான் மேவரிக். எந்தப் பட்டியிலும் சேராதது, யாருக்கும் சொந்தமில்லாதது.

யாருக்கும் வேண்டாதவர்கள்

பேஸ்பால் நமக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத ஆட்டம். பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் ஆடும் ரவுண்டர்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தை அடித்துவிட்டு ஒவ்வொரு தளமாக ஓடிச் சுற்றி வர வேண்டும். அதன் பெரிய அண்ணன்தான் பேஸ்பால்.

அமெரிக்காவில் பெரிய நகரங்களின் கழகங்கள் முதல்தர லீகில் ஆடுகின்றன. அவற்றுக்குக் கீழே சிறிய ஊர்களில் சிறு லீகுகள் உண்டு. அங்கே ஆடும் குழுக்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு பெரிய கழகத்தின் நாற்றங்கால். ஆட்டக்காரருக்குச் சம்பளம் தருவதும் மேலே அழைத்துக்கொள்வதும் "நீ தேறமாட்டாய், வீட்டுக்குப் போ" என்று அனுப்புவதும் பெரிய கழகந்தான். உள்ளூர்க்காரர்களுக்கு அதில் சொல் இல்லை. ஒரு பையன் நன்றாக அடிக்கத் தொடங்கினால், ஊரார் அவன் பெயரை மனப்பாடம் செய்வதற்குள் மேலே போய்விடுவான்.

போர்ட்லண்டில் பீவர்ஸ் என்ற குழு பல்லாண்டுகள் ஆடி வந்தது. கூட்டம் குறைந்துபோகவே, 1972-ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் வேறு ஊருக்குப் போய்விட்டது. "இந்த ஊரில் பேஸ்பால் செத்துவிட்டது" என்று எல்லாரும் கைகழுவிய நேரத்தில் ஒருவர் வந்தார். அவர் பெயர் பிங் ரஸல்.

நம்மில் மூத்தவர்கள் சிலர் 'போனன்ஸா' என்ற குதிரைவீரர் தொலைக்காட்சித் தொடரை மறந்திருக்கமாட்டார்கள். அதில் துணை ஷெரீப்பாக வருவாரே, அவர்தான். நடிகர் கர்ட் ரஸலின் தந்தை. பிழைப்புக்கு நடிப்பு, உயிரோ பேஸ்பாலில். சிறுவயதில் அவர் புளோரிடாவில் வளர்ந்தார். நியூயார்க் யாங்கீஸ் குழு பயிற்சிக்கு வரும் ஊர் அது. அக்குழுவினருக்கு அவர் செல்லப்பிள்ளை. மாவீரர் லூ கெரிக், நோயால் தளர்ந்துபோன காலத்தில், தாம் கடைசியாக ஹோம் ரன் அடித்த மட்டையை இந்தப் பையனிடம் கொடுத்தாராம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு வேறு எதில் மனம் போகும்?

பிங் ரஸல் 500 டாலர் கட்டி, போர்ட்லண்டில் குழு நடத்தும் உரிமையைப் பெற்றார். 1973-இல் மேவரிக்ஸ் பிறந்தது. நார்த்வெஸ்ட் லீக் என்ற கீழ்ப்படி லீகில் இடம் கிடைத்தது. ஆனால் தாய்க்கழகம் என்று எதுவும் கிடையாது. அப்படிப்பட்ட சுதந்திரக் குழுக்கள் ஏறக்குறைய அற்றுப்போயிருந்த காலம் அது.

ஆட்டக்காரருக்கு எங்கே போவது? தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அறிவித்தார். வந்தார்கள் ஐயா, நூற்றுக்கணக்கில்! பெரிய கழகங்கள் கழித்துவிட்டவர்கள், வயதாகிவிட்டது என்று ஒதுக்கப்பட்டவர்கள், குள்ளம் என்றும் குண்டு என்றும் அனுப்பப்பட்டவர்கள், ஒரு தடவைகூட அழைப்பு வராதவர்கள். நாட்டின் நாலாபக்கத்திலிருந்தும் சொந்தச் செலவில் வந்து நின்றார்கள்.

வழக்கத்தைவிடப் பெரிதாக, 30 பேர் கொண்ட குழுவை பிங் ரஸல் வைத்துக்கொண்டார். காரணம் கேட்டால் வியப்பீர்கள். சில ஆட்டக்காரர்களுக்கு இன்னும் ஒரே ஒரு பருவம் ஆடிப் பார்க்கும் தகுதி இருக்கிறது என்று அவர் நம்பினார். அவ்வளவுதான். சம்பளம் மிகவும் சொற்பம். ஆனால் சீருடை உண்டு, திடல் உண்டு, முதுகில் ஓர் எண் உண்டு.

வாசகர்களே, இந்த இடத்தில் என் சொந்தக் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எனக்கு 18 வயதில் காற்பந்து என்றால் பைத்தியம். மாவட்டக் குழுத் தேர்வுக்கு, கடன் வாங்கிய பூட்ஸுடன், இரண்டு பஸ் மாறிப் போனேன். அரை மணி நேரத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை, என்னைவிட நல்லவர்கள் இருந்தார்கள். ஆனாலும் திரும்பி வந்த அந்தப் பஸ் பயணம் இன்றும் நினைவில் இருக்கிறது. அண்ணன் மகன் வீட்டில் இந்தக் கதையைக் கேட்டபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது மடியில் இருந்த அந்தப் பூட்ஸ்தான்.

துடைப்பமும் சூயிங்கமும்

ஊரார் சிரித்தார்கள். ஆனால் முதல் ஆட்டத்திலேயே மேவரிக்ஸின் பந்து எறிபவர், எதிரணியினர் ஒருவர்கூடச் சரியாக அடித்துத் தளம் சேர முடியாதபடி எறிந்து வென்றார். பேஸ்பாலில் மிக அபூர்வமான சாதனை அது. அதன்பிறகு சிரிப்பு அடங்கிற்று. கூட்டம் வரத் தொடங்கிற்று.

பந்து பிடிப்பவராக இடக்கையர் நிற்கக் கூடாது என்பது அந்த ஆட்டத்தின் எழுதாத சட்டம். மேவரிக்ஸில் ஓர் இடக்கையர் நின்றார். பொது நிர்வாகி பதவி ஆண்களின் சொத்தாக இருந்த நாளில், ஓர் இளம்பெண்ணை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார் பிங் ரஸல். தோள் காயத்தால் தொழில்முறை ஆட்ட வாழ்வு முடிந்துபோன மகன் கர்ட்டும் 1973-இல் அந்தச் சீருடையை அணிந்து ஆடினார்.

ஓர் ஊரோடு ஆடும் தொடர் ஆட்டங்கள் அத்தனையையும் வென்றால், அமெரிக்கர்கள் அதைப் 'பெருக்கித் தள்ளிவிட்டார்கள்' என்பார்கள். அதனால் மேவரிக்ஸ் ஆட்டக்காரர் ஒருவர் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு திடலில் ஆடுவார். சில நேரம் அதைக் கொளுத்தியும் காட்டுவார். நம்மவரிடம் துடைப்பத்தைத் தூக்கிக் காட்டினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அங்கேயோ, கூட்டத்தில் இருந்தவர்களும் ஆளுக்கொரு துடைப்பம் கொண்டுவந்தார்களாம்!

இந்தக் குழுவுக்கு வந்தவர்களில் ஒருவர் ஜிம் பவுட்டன். முன்னாள் யாங்கீஸ் வீரர். 1970-இல் 'பால் ஃபோர்' என்ற நூலை எழுதி, வீரர்களின் திரைமறைவுக் கூத்துகளை வெளியே சொல்லிவிட்டார். பேஸ்பால் உலகத்துக்கு ஆகாதவரானார். 1975-இலும் 1977-இலும் அவருக்கு மேவரிக்ஸ் இடம் கொடுத்தது. விளைவு என்ன? 1978-இல், 39-ஆம் வயதில், அட்லாண்டா பிரேவ்ஸ் குழுவுக்காக மீண்டும் முதல்தர லீகில் எறிந்து, ஓர் ஆட்டத்தில் வெற்றியும் பெற்றார். எட்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு!

இன்னொருவர் ராப் நெல்சன் என்ற இடக்கைப் பந்து எறிபவர். அந்நாளில் ஆட்டக்காரர்கள் புகையிலையை மென்று துப்பிக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பழக்கம் அவருக்குப் பிடிக்கவில்லை. புகையிலையைப் போலவே துருவிய சூயிங்கத்தைப் பையில் போட்டு விற்றால் என்ன என்று, திடலோரத்தில் உட்கார்ந்திருந்தபோது பவுட்டனிடம் சொன்னார். பவுட்டன் பணம் போட்டார். மேவரிக்ஸின் மட்டை எடுத்துக் கொடுக்கும் பையன் வீட்டு அடுப்படியில் முதல் கிண்டல் நடந்தது. 1980-இல் 'பிக் லீக் சூ' என்ற பெயரில் கடைக்கு வந்த அந்தச் சூயிங்கம் இன்றும் அமெரிக்காவில் விற்கிறது. ஒரு காலத்தில் நம் நாட்டு ஜெலுத்தோங் மரத்துப் பாலும் சூயிங்கம் செய்யக் கப்பலேறிப் போனது என்பதைத் தோட்டத்து மூத்தவர்கள் அறிவார்கள்.

அந்த மட்டைப் பையன் என்ன ஆனான்? டாட் ஃபீல்ட் என்ற பெயருடைய அவர் பின்னாளில் திரைப்பட இயக்குநரானார். 2022-இல் வெளிவந்து ஆஸ்கார் பரிந்துரைகள் பெற்ற 'டார்' படம் அவர் இயக்கியதுதான்.

விலை சொன்ன மனிதர்

இப்போது கதையின் முடிவுக்கு வருவோம். 1977-இல் மேவரிக்ஸ் 44 ஆட்டங்களில் வென்றது. 22-இல் மட்டுமே தோற்றது. அந்தக் கோடையில் 125,000-க்கும் மேற்பட்டவர்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். அந்தப் படியில் ஆடும் குழு எதற்கும் அதுவரை அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. இறுதிச் சுற்றில் பெல்லிங்ஹாம் குழுவிடம் தோற்றார்கள். ஐந்து ஆண்டுகளில் ஒருமுறைகூட லீக் கிண்ணம் அவர்கள் கைக்கு வரவில்லை.

தோல்வியால் அந்தக் குழு அழியவில்லை வாசகர்களே! நன்றாக நடந்ததால்தான் அழிந்தது. "செத்த ஊர்" என்று விட்டுப்போனவர்களின் காதில் இந்தக் கூட்டத்தின் சத்தம் விழுந்தது. பீவர்ஸ் ஆடிய மேற்படி லீக் திரும்பி வர விரும்பியது. சட்டம் அவர்கள் பக்கம். மேற்படி லீக் ஓர் ஊரைக் கேட்டால், கீழ்ப்படிக் குழு இழப்பீட்டை வாங்கிக்கொண்டு ஒதுங்க வேண்டியதுதான்.

26,000 டாலர் தருகிறோம் என்றார்கள். 500 டாலருக்கு வாங்கியவருக்கு அது பெரிய லாபம் என்று நினைத்தார்கள் போலும். பிங் ரஸல் கையெழுத்துப் போடவில்லை. "206,000 டாலர்" என்றார். செத்ததென்று நீங்கள் போட்டுவிட்டுப் போன ஊருக்கு உயிர் கொடுத்தவர்கள் நாங்கள். அந்த உழைப்புக்கு விலை வேண்டும் என்பது அவர் வழக்கு. விவகாரம் நடுவர் மன்றத்துக்குப் போனது. தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. கேட்ட 206,000 டாலரும் கிடைத்தது.

பணம் வந்தது, குழு போயிற்று. 1978-இல் பீவர்ஸ் அந்தத் திடலுக்குத் திரும்பியது. சூடு போடாத மாடுகள் கலைந்து அவரவர் வழியில் போயின. பிங் ரஸல் 2003-இல் காலமானார். அவருடைய பேரன்மார் இருவர் 2014-இல் இந்தக் கதையை ஆவணப்படமாக எடுத்தார்கள். அண்ணன் மகன் எனக்குப் போட்டுக் காட்டியது அதைத்தான். படத்தின் ஆங்கிலத் தலைப்பைக் குடும்பப் பத்திரிகையில் எழுதக் கூச்சமாக இருக்கிறது; விட்டுவிடுகிறேன்!

வேலியோரம் நின்றபோது

படம் பார்த்த மறுநாள் காலையில்தான் நாங்கள் அந்தத் திடலுக்குப் போனோம். பேஸ்பால் அங்கே இப்போது இல்லை. பீவர்ஸும் போய், மீண்டும் வந்து, 2010-ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. 2011 முதல் அது காற்பந்துத் திடல். டிம்பர்ஸ் என்ற குழுவின் வீடு. அவர்கள் கோல் போட்டால், ஒருவர் இரம்பத்தால் பெரிய மரத்துண்டிலிருந்து ஒரு வட்டத்தை அறுத்துத் தூக்கிக் காட்டுவார். மரத்தொழில் வளர்த்த மாநிலம் அல்லவா! நீங்கள் போனால் ஓர் ஆட்ட நாளாகப் பார்த்துப் போங்கள்.

நாங்கள் போனது ஆட்டமில்லாத நாள். வேலியோரம் நின்று, கீழே தெரிந்த பச்சை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த இடத்தில் நின்று பந்தை எறிந்திருப்பார்கள், எந்த மூலையில் துடைப்பம் எரிந்திருக்கும் என்று கண் தேடிற்று. ஒன்றும் புலப்படவில்லை. தோல் தொட்டியும் சீனத் தோட்டமும் மறைந்த இடத்தில் இவர்களும் மறைந்துவிட்டார்கள்.

நான் பிறந்து வளர்ந்த தோட்டத்திலும் லயத்துக்கு எதிரே ஒரு திடல் இருந்தது. மாலையில் பால் மரம் வெட்டிய கைகளெல்லாம் அங்கேதான் கூடும். மாவட்டத் தேர்வில் கழிக்கப்பட்ட நான், அந்தத் திடலில் 11 ஆண்டுகள் இடப்பக்க முன்வரிசையில் ஆடினேன். எங்களுக்கும் தாய்க்கழகம் கிடையாது. செருப்பில்லாத காலும், காலர் கிழிந்த ஜெர்சியுந்தான். தோட்டம் விற்கப்பட்டபோது மரத்துக்கு விலை போட்டார்கள், நிலத்துக்கு விலை போட்டார்கள். திடலும் அந்தக் கணக்கில் சேர்ந்து போயிற்று. இன்று அங்கே வரிசை வீடுகள். அந்தத் திடலை இத்தனை ஆண்டுகள் திடலாக வைத்திருந்தது யார் என்று அன்று யாரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே எங்களுக்குத் தோன்றவில்லை.

அதனால்தான் பிங் ரஸலின் கிண்ணமில்லாத ஐந்து ஆண்டுகளைவிட, அவர் துணிந்து சொன்ன அந்தத் தொகை என் மனத்தில் நிற்கிறது. தம்மிடம் வந்தவர்களை அவர் வேண்டாதவர்கள் என்று நினைக்கவில்லை. மற்றவர்கள் அவர்களுக்கு மலிவாக விலை போட வந்தபோது, "இல்லை, இதுதான் எங்கள் விலை" என்று எழுந்து நின்று சொன்னார். குழுவைக் காப்பாற்ற அவரால் முடியவில்லை. அதன் மதிப்பைக் காப்பாற்றிவிட்டார்.

"போகலாமா, சித்தப்பா? ரோஜாத் தோட்டத்தில் வெயில் ஏறிவிடும்" என்றான் பிள்ளை.

"இன்னும் ஐந்து நிமிடம் இருப்போமடா" என்றேன்.

உங்கள் ஊரிலும் ஒரு திடல் இருக்கும், அல்லது இருந்திருக்கும். அதில் ஆடியவர்கள் யாராவது இன்னும் உங்கள் பக்கத்து வீட்டில், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அவரிடம் போய், "ஐயா, நீங்கள் எந்த இடத்தில் ஆடினீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன். தேநீர் ஆறிப்போகும்வரை சொல்வார்.